முழங்கால் தண்ணீர்

கண்டமங்கலம் பக்கத்தில் ஒரு ஏரி கோடி போகிறது என்றால் அன்றைக்குப் பாதி ஊர் கரையில்தான் நிற்கும். கலங்கலில் மீன் ஏறும், பிள்ளைகள் கொசுவலையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். அதே வாரத்தில் பைனாகுலரை மாட்டிக்கொண்டு ஊசுட்டேரிக்கு வாத்து பார்க்கப் போகிறவர் ஏமாந்துதான் திரும்புவார். கண்ணுக்கெட்டிய மட்டும் தண்ணீர். நடுவில் நாலைந்து நாமக்கோழி, பட்டுப்போன மரத்தில் சிறகை விரித்துக் காயவைக்கும் ஒரு நீர்க்காகம். அவ்வளவுதான்.

நானும் அப்படி ஏமாந்தவன். பதில், வீடு திரும்பும் வழியில் தலைக்கு மேலேயே கிடைத்தது. இருட்டும் நேரம், சம்பா கழனிகளின் மேல் யாரோ சீழ்க்கை அடித்துக்கொண்டே போவதுபோல ஒரு சத்தம். நிமிர்ந்தால் முப்பது நாற்பது சீழ்க்கைச் சிறகிகள். ஒரு சுற்றுச் சுற்றி, கரும்புத் தோட்டத்துக்கு அப்பால் இருந்த நெல் வயலில் பொத்துப் பொத்தென்று இறங்கின. ஏரியில் தேடியதை இரவெல்லாம் கழனியில் வைத்திருக்கிறது இந்த ஊர்.

விஷயம் எளிது. நீலச்சிறகி, ஊசிவால் வாத்து, ஆண்டி வாத்து, புள்ளிமூக்கு வாத்து இவையெல்லாம் பெரும்பாலும் முங்கித் தேடுகிற ஜாதி அல்ல. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, எட்டுகிற மட்டும் சேற்றைத் துழாவும். எட்டுவது ஒரு முழத்துக்கும் குறைவுதான். கழுத்து நீண்ட ஊசிவாலுக்குக் கொஞ்சம் கூடுதல். ஆகவே கணுக்கால் தண்ணீர் விருந்து, முழங்கால் தண்ணீர் பரவாயில்லை, ஆளுயரத் தண்ணீர் பட்டினி. முங்கத் தெரிந்த நாமக்கோழிக்கும் முக்குளிப்பானுக்கும் இந்தக் கவலை குறைவு. ஏரி நிறைந்த நாளில் நாமக்கோழி மட்டும் நடுவில் மிதந்ததன் ரகசியம் இதுதான்.

கண்டமங்கலத்துக்கு வடக்கே சங்கராபரணி, தெற்கே தென்பெண்ணை, இடையில் பம்பையாறும் மலட்டாறும். செஞ்சி மலைப் பக்கம் புறப்படும் சங்கராபரணிக்குச் செஞ்சியாறு, வராக நதி என்றும் பெயர் உண்டு. 1959இல் கட்டி முடித்த வீடூர் அணையில் தங்கி, புதுச்சேரி நிலத்துக்குள் நுழைந்து கடலுக்குப் போகிறது. வழியில் சுத்துக்கேணியில் பிரியும் வாய்க்கால்தான் ஊசுட்டேரிக்குப் பால் கொடுக்கிறது. சுமார் 800 ஹெக்டேர் ஏரி. பாதி புதுச்சேரி, பாதி விழுப்புரம் மாவட்டம். புதுச்சேரி தன் பாதியை 2008இல் பறவைகள் சரணாலயமாக்கியது, தமிழ்நாடு தன் பாதியை 2015இல். ஒரே ஏரி இரண்டு தடவை சரணாலயமாக ஏழு வருஷம் பிடித்தது! தெற்கே சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் பெண்ணைத் தண்ணீரைப் பாகூர் ஏரிக்குக் கொண்டுபோகிறது. ஆறு பெருகி, கரை புரண்டு, வாய்க்காலாய்ப் பிரிந்து, தாங்கல் தாங்கலாய் இறங்கி, கழனியில் பரந்து நிற்கும் இந்த மொத்த நிலமும் வாத்துகளுக்கு ஒரே வீடு. ஏரி அதில் படுக்கையறை, சமையலறை கழனி.

புரட்டாசியில் ஏரி வற்றிக் கிடக்கும்போதே முதல் நீலச்சிறகிகள் வந்துவிடும். ரஷ்யா, கஜகஸ்தான் பக்கத்துப் பறவை இது. வந்து இறங்கும்போது ஆண் எது பெண் எது என்று சொல்ல முடியாது, எல்லாம் ஒரே பழுப்பு. ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டால் ஏரி ஆழமாகிவிடும், கூட்டம் நடவு வயல்களுக்கும் குட்டைகளுக்கும் சிதறும். இங்கேயே தங்கும் புள்ளிமூக்கு வாத்து குஞ்சு பொரிப்பதும் அநேகமாக இந்த மழையை நம்பித்தான். வடநாட்டில் அது ஆடி, ஆவணி மழையில் முட்டையிடும். நம் பக்கம் கார்த்திகை வரை பொறுத்திருக்கும்.

பெருமழை வேறு கதை. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது மயிலத்தில் ஐம்பது சென்டிமீட்டரை ஒட்டி மழை கொட்டியது. டிசம்பர் 2 அதிகாலை தென்பெண்ணையின் சாத்தனூர் அணையிலிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். பெண்ணைக்கரை ஊர்கள் பட்டபாடு தெரிந்ததே. அந்த மாதிரி வெள்ளத்தில் கழனியும் ஏரிபோல ஆகிவிடுவதால் சிறகிகளுக்கும் மேயத் தரை கிடையாது.

தை, மாசிதான் உச்சம். மதகைத் திறந்து பாசனத்துக்குத் தண்ணீர் விட விட, ஏரியின் உள்வாய் விளிம்பு நாளுக்கு நாலு அடி பின்வாங்கும். புதிதாய் வெளிப்பட்ட சேற்றில் புழு, நத்தை, கோரை விதை. வாத்துகள் அந்த விளிம்போடு சேர்ந்தே நகரும். சாப்பாட்டுப் பந்தியை இழுத்துப் போடுவது மதகைத் திருகும் கைதான். அந்தக் கைக்காரரிடம் சிறகியைப் பற்றிக் கேட்டால் நல்ல வார்த்தை வராது. நாற்றங்காலில் விதைத்த நெல்லை ராத்திரியோடு ராத்திரியாக மேய்ந்து, மிச்சத்தை மிதித்துவிட்டுப் போகும் பறவை அது. வெடி போட்டு விரட்டுகிறார்கள். தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

ஜனவரியில் நடக்கும் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு இந்த ஓட்டத்தைப் பாதிதான் பிடிக்கிறது. எண்ணுவது பெரும்பாலும் பகலில், ஏரியில். மழை அதிகமான வருஷத்தில் எண்ணிக்கை குறைந்தால் ‘பறவை வரத்து சரிவு’ என்று செய்தி வந்துவிடும். ஏரியில் எத்தனை அடி தண்ணீர் நின்றது என்பதையும் அந்தச் செய்தியோடு போட்டால் புண்ணியம்.

எனக்குப் பயம் ஏரியைப் பற்றி அல்ல, அதற்குப் பலகை இருக்கிறது, காவலர் இருக்கிறார். பயம் கழனியைப் பற்றித்தான். நெல் போட்ட இடத்தில் சவுக்கும் கரும்பும் ஏறுகின்றன, சாலையோரக் கழனி மனையாகிறது. எல்லாம் அவரவர் பட்டா நிலம், குற்றம் என்று எதுவும் இல்லை. தூர் வாருகிறோம் என்று சம்புக் கோரையை வேரோடு வழித்து எடுப்பதும் அப்படித்தான். சிறகு உதிர்க்கும் சில வாரங்கள் புள்ளிமூக்கு வாத்தால் பறக்கவே முடியாது. இறக்கை இறகெல்லாம் ஒரே சமயத்தில் விழுந்துவிடும். அப்போது ஒளிய அந்தக் கோரைதான் உண்டு.

கோடையில் ஊர்ப் பறவைகள் ஆற்று மடுக்களிலும் வீடூரின் மிச்சத் தண்ணீரிலும் ஒண்டிக்கொள்ளும். அதற்கு முன், பங்குனியில், நீலச்சிறகி கிளம்பும் முன்பு ஒருதரம் பார்த்துவிட வேண்டும். வந்தபோது பழுப்பாய் இருந்த ஆணுக்கு இப்போது கண்ணுக்கு மேல் பட்டையாய் வெள்ளைப் புருவம், பிறையை ஒட்டவைத்ததுபோல. பிறகு ஒரு நாள் காலையில் ஏரியில் ஒன்றுகூட இருக்காது. நவரை அறுத்த வயலில் வாத்து மேய்ப்பவர்கள் கூட்டத்தை இறக்கிவிட்டிருப்பார்கள். நூற்றுக்கணக்கான நாட்டு வாத்துகள், வால் தூக்கி, அதே சேற்றில் அதே நத்தையைத் துழாவிக்கொண்டிருக்கும்.