கேம்ப் செஞ்சுரி ஆழ்துளை

கேம்ப் செஞ்சுரி ஆழ்துளை என்பது கிரீன்லாந்தின் வடமேற்கில், பனிவிரிப்பை முழுவதுமாக ஊடுருவி அடிநிலம் வரை இடப்பட்ட முதல் ஆழ்துளை ஆகும். ஐக்கிய அமெரிக்கத் தரைப்படையின் முகாமில் 1966 ஆம் ஆண்டில் இப்பணி நிறைவுற்றது. ஏறத்தாழ 1,390 மீட்டர் தடிப்புள்ள பனிக்கட்டியும், அதன் கீழிருந்த 3 மீட்டருக்கும் மேற்பட்ட உறைந்த மண்ணும் உருளை வடிவ மாதிரிகளாக எடுக்கப்பட்டன.

பனிக்கட்டி ஆய்வு

ஆண்டுதோறும் பெய்யும் பனி அடுக்கடுக்காகப் படிந்து, இறுகிப் பனிக்கட்டியாகிறது. ஆகவே ஆழம் கூடக்கூட அதன் வயதும் கூடுகிறது. குளிர் மிகுந்த காலத்தில் பெய்த பனியில் ஆக்சிசன்-18 ஓரிடத்தான் குறைவாக இருக்கும். இதனை அளந்து, டென்மார்க் அறிவியலாளர் வில்லி டான்ஸ்கார்டும் குழுவினரும் ஏறத்தாழ 1,00,000 ஆண்டுகளின் தட்பவெப்ப வரலாற்றை 1969 இல் வெளியிட்டனர்.

அடிமண் ஆய்வு

அடிமண் மாதிரிகள் பல்லாண்டுகள் உறைபெட்டிகளில் கவனிக்கப்படாமல் இருந்தன. கோபனாவனில் மீண்டும் கண்டறியப்பட்ட இவற்றில் குச்சி, இலை, பாசி ஆகியவற்றின் எச்சங்கள் இருப்பதை 2021 ஆம் ஆண்டு ஆய்வு காட்டியது. புதைந்த கனிமத் துகள்கள் சுற்றியுள்ள கதிர்வீச்சின் ஆற்றலைச் சேமிக்கின்றன. சூரிய ஒளி பட்டால் அது நீங்கிவிடும். இவ்வாற்றலை அளந்த 2023 ஆம் ஆண்டு ஆய்வு, அம்மண் ஏறத்தாழ 4,16,000 ஆண்டுகளுக்கு முன் கடைசியாக ஒளியைக் கண்டது எனக் கணித்தது.

முக்கியத்துவம்

அக்காலத்தில் வளிமண்டலக் காபனீரொட்சைட்டு இன்றைய அளவைவிடக் குறைவாகவே இருந்தது. எனினும் அவ்விடத்தில் பனி இல்லை. கிரீன்லாந்தின் பனி முழுவதும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 7 மீட்டர் உயரும் என்பதால், இம்மண் மாதிரிகள் எதிர்காலக் கடல்மட்டக் கணிப்புகளுக்கு இன்றியமையாத சான்றாகும்.