உளுத்த மரமும் ஓவியர் கண்ணும்

பழைய அலுமாரியின் காலடியிலே ஒருநாள் மாவு போன்ற தூள் சிந்திக் கிடக்கும். துடைத்துவிட்டால் மறுநாளும் சிந்தும். ஜிந்துப்பிட்டியின் பழைய வீடுகளில் வாழ்ந்தோர்க்கு இக்காட்சி புதிதன்று. “உளுத்துவிட்டது” என்று பெரியோர் ஒரே சொல்லில் முடித்துவிடுவர். மரத்தை அரித்த பிராணியைக் கண்டவரோ மிகச் சிலர். வெளியே தெரிவது குண்டூசித் தலையளவான துவாரமே.

மரத்தினுள் மறைந்து நடக்கும் இவ்வாழ்க்கையைச் சித்திரத்தில் எவ்வாறு காட்டுவது? முற்காலத்து ஓவியர் பலர், வெளியே வந்த வண்டின் அழகோடு நின்றுவிட்டனர். 1800ஆம் ஆண்டில் எட்வர்ட் டொனவன் என்பார் இந்தியப் பூச்சிகளைப் பற்றிய நூலொன்றை இலண்டனில் வெளியிடத் தொடங்கினார். அதிலுள்ள வண்டுகள் ஆபரணங்கள் போல் ஒளிர்கின்றன. நம் சிறுவர் தீப்பெட்டியில் வைத்து வளர்க்கும் பொன்வண்டின் இனத்தையும் இவ்வாறே பலர் தீட்டி மகிழ்ந்தனர். அவ்வினத்தின் புழுக்கள் மரத்தையும் வேரையும் துளைத்து வாழ்பவை என்பதை அந்தப் பளபளப்பு எவர்க்கும் உரைப்பதில்லை.

வேறு வழி கண்டவர் மரியா சிபில்லா மெரியான் அம்மையார். 1699இல், தமது 52ஆம் வயதில், மகளுடன் கடல் கடந்து தென்னமெரிக்காவின் சூரினாம் நாட்டுக்குச் சென்றார். 1705இல் வெளிவந்த அவருடைய நூலில், பனை இன மரத்தைக் குடையும் கூன்வண்டும் அதன் கொழுத்த புழுவும் சேர்ந்தே காட்சி தருகின்றன. நம் தென்னையின் தண்டைக் குடையும் செந்நிறக் கூன்வண்டும் அக்குலத்தைச் சேர்ந்ததே. புழுவையும் வண்டையும் ஒருங்கே கண்டவனுக்கே, அழிவு எப்பருவத்தில் நிகழ்கிறது என்பது விளங்கும்.

இலங்கையிலும் இம்மரபு தழைத்தது. பேராதனைப் பூங்காவின் ஓவியக் குடும்பத்தினரான வில்லியம் த அல்விஸ், ஜோர்ஜ் த அல்விஸ் ஆகியோர் வரைந்த வண்ணத்துப்பூச்சிச் சித்திரங்கள், 1880 முதல் 1887 வரை வெளிவந்த மூன்று தொகுதிகளை அணிசெய்தன. கம்பளிப்புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என மூன்று நிலைகளையும் அவற்றிற் காணலாம். ஆனால் இலைமேல் வாழும் புழுவை வரைவது எளிது. மரத்துள் வாழ்வதை வரைய வேண்டுமாயின் மரத்தையே பிளத்தல் வேண்டும்.

1892இல் இலங்கைத் தேயிலையில் காணப்பட்ட துளைவண்டு இதனை உணர்த்திற்று. பெண்வண்டின் நீளம் ஏறக்குறைய இரண்டரை மில்லிமீற்றர். பிளந்த கிளையை நோக்கினால் ஒரு வியப்புத் தோன்றும். வண்டு மரத்தை உண்பதில்லை; சுரங்கம் அமைத்து, தன் வாயிலுள்ள சிறு பையிற் கொணர்ந்த பூஞ்சணத்தை அங்கே பயிரிடுகிறது. குஞ்சுப் புழுக்கள் அப்பூஞ்சணத்தையே உண்கின்றன. அதனை 1947இல் காட், லூஸ் என்னும் ஆராய்ச்சியாளர் இருவர் விவரித்துப் பெயரிட்டனர். சுரங்கத்தால் வலுவிழந்த கிளை, கொழுந்து பறிப்பவர் செடிகளிடையே புகுந்து செல்கையில் முறிந்து விழுகிறது. தோட்டத்தின் விளைவும் தொழிலாளியின் கூலியும் அத்துடன் குறைகின்றன.

மாணவர்களே, பூச்சியை வரையும்போது துளையையும், தூளையும், பிளந்த கிளையையும் சேர்த்தே வரையுங்கள். அழகிய வண்டு கண்ணுக்கு விருந்து. அது வாழ்ந்த வீட்டின் படமே மரத்துக்கு மருந்து.