ஒரு நாளைக்கு எவ்வளவு ஓத வேண்டும்? யூதச் சட்டத்தில் கல்விக் கடமையின் எல்லை

தட்டாஞ்சாவடி தொழிற்பேட்டையில் பணிபுரியும் சகோதரர் ஒருவர், இஷா தொழுகைக்குப் பின் என்னிடம் கேட்டார்: "ஹஜ்ரத், காலையில் போனால் இரவில்தான் திரும்புகிறேன். குர்ஆனில் ஒரு பக்கம் ஓதுவதற்குள் கண் சொருகிவிடுகிறது. இது அல்லாஹ்விடம் கணக்கில் வருமா?" நமக்கு முன் வேதம் அருளப்பெற்ற சமுதாயமும் இதே வினாவைத் தன் சட்ட அறிஞர்கள் முன் வைத்திருக்கிறது. அவர்கள் கண்ட விடை நம் சிந்தனைக்குரியது.

யூதச் சட்டத்தில் தவ்ராத்தைக் கற்பது வணக்கத்திற்கான ஆயத்தம் மட்டுமன்று. அதுவே ஒரு வணக்கம். யூஷஃ இப்னு நூன் (அலை) அவர்களின் பெயரால் வழங்கும் ஆகமம், வேதத்தை இரவும் பகலும் சிந்திக்குமாறு பணிக்கிறது. அப்படியானால் உழுவது எப்போது? விதைப்பது எப்போது?

தல்மூதில் இதற்கு இரு விடைகள் உள்ளன. பருவத்திற்கொரு தொழில் என்று காலம் கழிந்தால் வேதத்தின் கதி என்னாவது என்று வினவினார் ரப்பி ஷிமோன் பின் யோஹாய். உலக வழக்கப்படி உழைத்துக்கொண்டே கற்க வேண்டும் என்றார் ரப்பி இஷ்மாயீல். இஷ்மாயீலின் வழி நடந்த பலர் வெற்றி கண்டனர், ஷிமோனின் வழி நடந்த பலருக்கு அது கைகூடவில்லை என்று பின்னர் வந்த அபாயே என்னும் அறிஞர் மதிப்பிட்டார்.

வியப்பு என்னவெனில், மிகக் குறைந்த அளவைக் கூறும் தீர்ப்பும் அதே ஷிமோனின் பெயராலேயே தல்மூதில் அறிவிக்கப்படுகிறது. காலையிலும் மாலையிலும் 'ஷெமா' என்னும் ஏகத்துவப் பிரகடனத்தை ஓதினாலே அன்றைய கடமை நிறைவேறிவிடும் என்பது அத்தீர்ப்பு. ஆனால் இதைப் பாமரரிடம் சொல்லலாகாது என்ற தடையும் அதனுடன் சேர்ந்தே வருகிறது. ராவா என்னும் அறிஞரோ, அவர்களிடம் சொல்வதே நற்செயல் என்றார். 1105இல் மறைந்த உரையாசிரியர் ராஷி இரு தரப்புக்கும் காரணம் காட்டுகிறார். இதுவே போதும் என்று பாமரர் தம் பிள்ளைகளைக் கல்வியில் பழக்காமல் விட்டுவிடலாம் என்பது தடுத்தவரின் அச்சம். இச்சிறு ஓதலுக்கே இத்தனை நற்கூலி என்றால் முழு நாளும் கற்பவருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று அவர் ஆர்வம் கொள்வார் என்பது அனுமதித்தவரின் நம்பிக்கை.

1204இல் எகிப்தில் மறைந்த மூஸா இப்னு மைமூன் இதனைச் சட்டமாகத் தொகுத்தார். ஏழையோ செல்வரோ, நோயாளியோ முதியவரோ, பகலிலும் இரவிலும் கல்விக்கென நேரம் குறித்துக்கொள்வது ஒவ்வோர் ஆண்மகன் மீதும் இறுதி மூச்சுவரை கடமை என்றார். மூன்று மணி நேரம் தொழில் செய்து ஒன்பது மணி நேரம் கற்கும் கைவினைஞரை அவர் எடுத்துக்காட்டாகக் கூறுகிறார். ஆயினும் மருத்துவராக இருந்த அவரே, நோயாளிகளைக் கவனித்து இரவில் பேசவும் வலுவின்றிக் கிடப்பதாகக் கடிதமொன்றில் எழுதியுள்ளார். 1568இல் மட்டாஞ்சேரியில் ஜெப ஆலயம் எழுப்பிய கொச்சி யூதர்களும், பதினேழாம் நூற்றாண்டில் சென்னையில் வைர வணிகம் செய்த யூதர்களும் பிழைப்புக்கு நடுவே இக்கடமையைச் சுமந்தவர்களே.

1923இல் வியன்னாவில் ரப்பி மெயிர் ஷபிரோ, உலகெங்கும் உள்ள யூதர்கள் நாளொன்றுக்குத் தல்மூதின் ஒரே ஏட்டைக் கற்கலாம் என முன்மொழிந்தார். 2711 ஏடுகளை முடிக்க ஏறத்தாழ ஏழரை ஆண்டுகள் ஆகும். பதினான்காம் சுற்று 2020 ஜனவரியில் தொடங்கியது.

நம் மார்க்கத்தின் நிலை என்ன? இரவு வணக்கத்தை இலகுவாக்கும் இறைவசனம் (73:20) நோயாளிகளையும், பொருள் தேடிப் பயணிப்போரையும், போரிடுவோரையும் குறிப்பிட்டு, இயன்றதை ஓதுமாறு கூறுகிறது. முற்பகலில் இஸ்லாத்தை ஏற்றவர் அப்போது கலிமாவின் பொருளையும், லுஹர் நேரம் வந்ததும் தொழுகையின் சட்டத்தையும் அறிவதே அவர் மீதான ஃபர்ளு ஐன் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) விளக்குகிறார்கள். ஆழ்ந்து கற்பதோ, ஒவ்வொரு கூட்டத்தாரிலும் ஒரு சாராரின் பொறுப்பு (9:122).

இரு சட்ட மரபுகளும் ஒன்றல்ல. எனினும் கீழெல்லையை எவரும் எட்டும்படி வைத்து, மேலெல்லையை வகுக்காமல் விட்டதில் இரண்டும் ஒத்திருக்கின்றன. குறைந்த அளவு என்பது கற்றவர் ஓய்ந்திருக்கத் தரப்பட்ட சலுகையன்று. உழைத்துக் களைத்தவருக்குத் திறந்து வைக்கப்பட்ட வாசல்.

அந்தச் சகோதரரிடம், "அந்த ஒரு பக்கத்தை விட்டுவிடாதீர்கள், பிள்ளையையும் அருகில் அமர்த்திக்கொள்ளுங்கள்" என்றேன். வல்ல அல்லாஹ் அதனை ஏற்றுக்கொள்வானாக.