பித்தக்கான் வீங்கும்போது

பிள்ளையின் கண் மஞ்சளித்தால் யாழ்ப்பாணத்தில் செங்கமாரி என்று சொல்லிக் கீழ்க்காய்நெல்லி தேடுவார்கள். அநேகமாக அது கிருமித்தொற்றால் வந்து தானாகவே தணிந்துவிடும். ஆனால் மஞ்சள் வந்து வந்து போகிறது, வலப்பக்க மேல்வயிறு நோகிறது, மலம் வெளிறிப் போகிறது என்றால், ஈரலோடு அதன் வடிகாலையும் பார்க்க வேண்டும்.

ஈரல் நாளொன்றுக்கு அரை லீற்றருக்கு மேல் பித்தம் சுரக்கிறது. அதை முன்சிறுகுடலுக்குக் கொண்டுபோகும் பித்தக்கான், வளர்ந்தவர்களிலும் ஏறத்தாழ 6 மில்லிமீற்றர் அகலந்தான். சிலருக்கு அது பிறவியிலேயே ஊதிப் பையாகிவிடுகிறது. ஆசிய நாடுகளில் இது கூடுதல். பெண்களுக்கு மூன்று நான்கு மடங்கு அதிகம். 1852இல் டக்ளஸ் என்ற மருத்துவர் 17 வயதுப் பெண்ணொருத்தியிடம் இந்நோயைக் கண்டு எழுதினார். மஞ்சள், காய்ச்சல், வயிற்றில் நோகும் கட்டி. ஊசியால் நீரை வடித்தும் ஒரு மாதத்தில் அவள் இறந்தாள்.

ஏன் வீங்குகிறது? 1969இல் பாபிற் என்பவர் சொன்ன விளக்கமே பலருக்குப் பொருந்துகிறது. பித்தக்கானும் சதையியின் கானும் குடற்சுவருக்குள் வந்து சேரவேண்டும். அங்கேதான் சுருக்குத்தசை இருக்கிறது. அதற்கு முன்பே, வெளியில் சேர்ந்துவிட்டால் தடுப்பு இல்லை. அமுக்கம் கூடிய சதைய நீர் பித்தக்கானுக்குள் ஏறிச் சுவரை அரிக்கிறது. அரிபட்ட சுவர் தளர்ந்து விரிகிறது. கட்டியின் நீரைச் சோதித்தால் சதையிக்குரிய அமிலேசு நொதியம் மிகுந்திருப்பது இதற்குச் சான்று. கருவிலேயே ஸ்கானில் தெரியும் கட்டிகளுக்கு மட்டும் இந்த விளக்கம் போதாது. பிறவி அடைப்பும் காரணமாகலாம்.

1977இல் தொடானி என்பவர் வகுத்த ஐந்து வகைகளையே இன்றும் பின்பற்றுகிறார்கள். பெரும்பாலானவை முதல் வகை: ஈரலுக்கு வெளியேயுள்ள கான் முழுதாகவோ பகுதியாகவோ விரிவது. இரண்டாவது கானின் பக்கத்தில் முளைத்த பை, மூன்றாவது குடற்சுவருக்குள் புடைப்பது; இரண்டும் அரிது. நான்காவதில் கட்டிகள் பல, பெரும்பாலும் ஈரலின் உள்ளும் புறமும். ஐந்தாவது ஈரலுக்குள் மட்டும். கரோலி நோய் என்பது அதுவே. ஈரல் முழுதும் பரவினால் மாற்று ஈரல் வரை போகவேண்டி வரலாம்.

முன்பு கட்டியை உள்ளேயே விட்டுக் குடலோடு இணைத்துவிடுவார்கள். அது தவறான வழி என்பதைக் காலம் காட்டியது: விட்டுவைத்த சுவரில் புற்றுநோய் வந்தது. இப்போது முதல், நான்காம் வகைகளில் வெளிக்கட்டியைப் பித்தப்பையோடு அகற்றி, ஈரலிலிருந்து வரும் கானில் சிறுகுடலை நேரே பொருத்துகிறார்கள். அதன் பின்னும் ஆண்டுக்கணக்கில் கிளினிக்குக்குப் போகவேண்டும்.

பிறந்து இரண்டு வாரம் கடந்தும் மஞ்சள் மாறாமல், மலமும் வெளிறியிருந்தால் மூலிகையில் நாளைப் போக்காதீர்கள். உடனே பிள்ளையை வைத்தியசாலைக்குக் கொண்டுபோய் ஸ்கான் செய்யக் கேளுங்கள்.