சண்டை தொடங்குவது தராசில், தெரியுமா?

பேசாலைக் கரையில் மீன் நிறுக்கிற தராசில் ஆள் ஏறி நின்று பார்த்திருக்கிறீர்களா? நான் பார்த்தேன். ஏறியது என் மருமகன். விடியப்புறம் நண்டுப் பெட்டிகளை நிறுத்து முடித்த கையோடு, ஈரம் சொட்டச் சொட்ட இருந்த தகட்டில் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினான். சிவப்பு எழுத்து கொஞ்சநேரம் ஆடிவிட்டு 77.0 என்று நின்றது. "மாமா, 77 எண்டா வெல்டர்வெயிட்! தெரியுமோ?" என்று துள்ளினான். "இறங்கடா, தராசு பழுதாப் போகும்" என்று சம்மாட்டி கத்தினார்.

வெல்டர்வெயிட் என்றால் என்னவென்று எனக்கு அன்றைக்குத் தெரியாது. மன்னாரில் பிறந்தவனுக்குப் பந்து தெரியும், பள்ளிமுனைப் பெடியன்களின் உதை தெரியும். கூண்டுக்குள் இரண்டு பேர் குத்தி, உதைத்து, கட்டிப் புரண்டு, கழுத்தை நெரிக்கிற எம்.எம்.ஏ. என்ற கலப்புச் சண்டை பற்றி ஒன்றும் தெரியாது. ஒரு மாதம் அவனோடு சேர்ந்து பார்த்தேன், படித்தேன், வாய் பிளந்தேன். அதை அப்படியே கொட்டுகிறேன், பிடித்துக்கொள்ளுங்கள்!

முதலாவது வியப்பே ஒரு பெயர். அகிலன்! கூண்டுச் சண்டையில் உலகப் பட்டத்துக்கு மோதிய ஓர் அகிலன் இருக்கிறார், தெரியுமா? அகிலன் தாணி. கோலாலம்பூர்க்காரர், 1995இல் பிறந்தவர். கூண்டில் அவருக்குப் பட்டப்பெயர் 'அலிகேட்டர்', நம் ஊர் வழக்கில் முதலை. அந்த முதலை ஜிம் வாசலை மிதித்தது சண்டைக்காரனாக வர ஆசைப்பட்டு என்று நினைக்கிறீர்களா? இல்லவே இல்லை, உடம்பைக் குறைக்க! பருத்த உடம்போடு திரிந்த பதின்ம வயதுப் பையன், எடை இறங்கினால் போதும் என்று பிரேசிலிய ஜியு-ஜிட்ஸு வகுப்பில் போய்ச் சேர்ந்தான். மொனார்க்கி எம்.எம்.ஏ. என்ற அந்த ஜிம்மில் பயிற்சியாளர் சமீர் ம்ராபெட்டின் கையில் விழுந்தான். எடை இறங்கியது, ஆனால் பாயை விட்டு ஆள் எழும்பவில்லை. அப்படியே தொழில்முறைச் சண்டை, ஒன்றன்பின் ஒன்றாக வெற்றி, தோல்வியே இல்லாத கணக்கு. 21 வயதில் சிங்கப்பூரில் 'வன் சம்பியன்ஷிப்' அமைப்பின் வெல்டர்வெயிட் பட்டத்துக்கான மேடை! நாள், 2017 மே 26.

எதிரே நின்றவர் பென் அஸ்க்ரென். அமெரிக்க மல்யுத்த வீரர், 2008 பீஜிங் ஒலிம்பிக்கில் இறங்கியவர், அவரும் தோல்வி அறியாதவர். முதல் சுற்றிலேயே அகிலனைத் தூக்கிக் கீழே போட்டு, கழுத்தையும் ஒரு கையையும் சேர்த்து வளைத்து இறுக்கினார். அகிலன் தட்டினார். எதிரியின் உடம்பிலோ தரையிலோ கையால் தட்டினால் 'போதும், விட்டுவிடு' என்று பொருள், நடுவர் உடனே பிரித்துவிடுவார்.

அந்தப் பிடியைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். கழுத்தை நெரித்தால் மூச்சு முட்டித்தான் ஆள் விழுவான் என்று நாம் நினைக்கிறோம் அல்லவா? இந்தப் பிடியில் முதலில் அடைபடுவது இரத்தம்! மூளைக்குப் போகும் இரண்டு பெரிய நாளங்களும் கழுத்தின் இரு பக்கத்திலும் ஓடுகின்றன. ஒரு பக்கத்தை எதிரியின் கை அமுக்கும். மறுபக்கத்தை அமுக்குவது யாருடைய தோள் தெரியுமா? மாட்டிக்கொண்டவனுடைய சொந்தத் தோள்! சரியாக விழுந்தால் பத்து விநாடி சுமாரில் கண் இருட்டிவிடும். மருமகன் இதை என் கழுத்தில் செய்துகாட்ட வந்தான். வேண்டாமப்பா, சொன்னதே போதும் என்றேன்.

அகிலனை வென்ற அஸ்க்ரெனுக்குப் பிறகு நடந்தது இதைவிட விசித்திரம். 2018இல் இரண்டு போட்டி நிறுவனங்கள் ஆளுக்கு ஆள் மாற்றிக்கொண்டன: அஸ்க்ரெனை யு.எஃப்.சி. எடுத்துக்கொள்ள, அதன் வீரர் டிமேட்ரியஸ் ஜோன்சனை வன் சம்பியன்ஷிப் எடுத்துக்கொண்டது. ஓடமும் எஞ்சினும் மாற்றுவதுபோல மனிதரை மாற்றியிருக்கிறார்கள்! 2019 ஜூலை 6, லாஸ் வேகஸ். மணி அடித்ததும் ஹோர்ஹே மஸ்விடால் ஓடி வந்து பறந்து முழங்காலால் ஒன்று போட்டார். அஸ்க்ரென் மல்லாந்தார். எத்தனை விநாடி? ஐந்து! யு.எஃப்.சி. வரலாற்றிலேயே வேகமான நொக்-அவுட் அதுதான். அதுவரை யாராலும் தோற்கடிக்க முடியாத மனிதர், கொட்டாவி விட்டு வாயை மூடுவதற்குள் முடிந்துபோனார்.

அதே கோடையில், மூன்று வாரத்துக்கு முன், அகிலன் எங்கே நின்றார்? ஷாங்காயில், 2019 ஜூன் 15 அன்று, யொஷிஹிரோ அகியாமாவுக்கு எதிரே. அகியாமா சும்மா ஆள் அல்ல. 2002 புசான் ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜூடோவில் தங்கம் வாங்கியவர், ஜப்பானிலும் கொரியாவிலும் பெரும் பெயர், அகிலனைவிட 20 வயது மூத்தவர். மூன்று சுற்றும் முழுதாக ஓடியது. நடுவர்கள் மூவருமே கையைத் தூக்கியது அகிலனுக்கு! என்னைக் கேட்டால், பட்டத்துக்கு மோதிய இரவைவிட இந்த இரவைத்தான் அவர் ஏற்றத்தின் உச்சம் என்பேன். உடம்பு குறைக்க வந்த பையன் ஒரு ஆசியத் தங்கத்தை ஒருமித்த முடிவில் வென்றிருக்கிறான், வேறென்ன வேண்டும்?

சரி, தராசுக்கு வருவோம். இந்தச் சண்டையில் எடைப் பிரிவே இல்லாத ஒரு காலம் இருந்தது, தெரியுமா? 1993 நவம்பர் 12, டென்வர் நகரம், முதலாவது யு.எஃப்.சி. புள்ளி போட நடுவர் இல்லை, எடை வரம்பு இல்லை. முதல் சண்டையில் 180 கிலோவுக்கு மேற்பட்ட சுமோ வீரர் டெய்லா டூலியை டச்சுக்காரர் ஜெராட் கோர்டோ முகத்தில் உதைத்தார், 26 விநாடியில் முடிந்தது. ஒரு பல் பறந்தது. மிச்சப் பல் துண்டுகள் எங்கே போயின? உதைத்தவரின் காலுக்குள்! பல்லைக் காலில் வைத்துக்கொண்டே அவர் அன்றிரவு இறுதிவரை போனார். இறுதியில் அவரை மடக்கியவர் ரொய்ஸ் கிரேசி. கூட்டத்தில் மெலிந்த ஆள், 80 கிலோ சொச்சம். ஒரே இரவில் மூன்று பேரைத் தட்ட வைத்து 50,000 டொலரோடு போனார். பெரிய உடம்பை விட்டுவிட்டு ஜியு-ஜிட்ஸு பக்கம் உலகம் ஓடத் தொடங்கியது அன்றைக்குத்தான். பிறகு கோலாலம்பூரில் ஒரு பருத்த பையன் போய்ச் சேர்ந்ததும் அதே வகுப்புத்தானே!

யு.எஃப்.சி.யை 'மனிதச் சேவல் சண்டை' என்று அமெரிக்க செனட்டர் ஜோன் மக்கெயின் திட்டினார், பல மாநிலங்கள் தடை போட்டன, நிறுவனம் படுத்தே விட்டது. 2001இல் 20 லட்சம் டொலருக்குக் கைமாறியது. 2016இல் எவ்வளவுக்கு விற்றார்கள் தெரியுமா? ஏறத்தாழ 400 கோடி டொலர்! தலைமன்னார் தொடக்கம் தாராபுரம் வரை உள்ள தென்னந்தோப்பு முழுவதையும் கணக்குப் போட்டுப் பார்த்தேன், பக்கத்திலும் வரவில்லை.

இடையில் எடைப் பிரிவு வந்தது, அதோடு எடை வெட்டும் கூத்தும் வந்தது. நிறுக்கிற நாளுக்கு முன் தண்ணீரை நிறுத்தி, சூட்டறையில் வியர்த்து, பல கிலோ நீரை உடம்பிலிருந்து பிழிந்து எடுப்பார்கள். தராசிலிருந்து இறங்கிய பிறகு மறுபடி குடித்து ஊதிக்கொள்வார்கள். இதனால் உயிரே போயிருக்கிறது. 2015 டிசம்பரில் மணிலாவில், போட்டிக்கு முன், யாங் ஜியான் பிங் என்ற சீன இளைஞர் இப்படித்தான் இறந்தார். அதன்பின் வன் சம்பியன்ஷிப் விதியையே மாற்றியது: எடையோடு சிறுநீரையும் சோதிக்கிறார்கள், உடம்பில் நீர் வற்றியிருந்தால் சண்டை இல்லை. பிரிவுகளையும் மேலே தள்ளினார்கள். அதனால்தான் யு.எஃப்.சி.யில் வெல்டர்வெயிட் 77.1 கிலோ, அகிலன் மோதிய இடத்தில் 83.9 கிலோ. இதைச் சொன்னதும் மருமகனின் முகம் சுருங்கிவிட்டது. அவன் கனவில் இன்னும் ஏழு கிலோ சோறு சேர வேண்டும்.

மூச்சும் எடையும் வைத்துப் பிழைத்த ஆட்கள் இந்தக் கரைக்குப் புதிதா என்ன? அரிப்பு, சிலாவத்துறைப் பார்களில் முத்துக்குளித்தவர்கள் எடையை வெட்டவில்லை, கூட்டினார்கள்! காலில் கயிறு மாட்டிய கல்லோடு விர்ரென்று அடிக்குப் போய், ஏறத்தாழ ஒரு நிமிடம் மூச்சடக்கிச் சிப்பி அள்ளி, கயிற்றை இழுத்து மேலே வருவார்கள். ஒரு நாளைக்கு நாற்பது, ஐம்பது தடவை! சுறா வாயைக் கட்ட மந்திரம் ஓதும் 'கடல்கட்டி'க்கு அரசாங்கமே கூலி கொடுத்தது, அது வேறு கதை. முத்துக்குளிப்பை மேற்பார்க்க ஆளுநர் நோர்த் அரிப்பில் கட்டிய மாளிகை இன்றைக்குக் கடலுக்குள் சரிந்துகொண்டிருக்கிறது. தலைமன்னாரிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திப் போய், தரையில் ஆற அமர இருக்காமல் திரும்பி நீந்தி வந்த வல்வெட்டித்துறைக் குமார் ஆனந்தனை மறக்கலாமா? 1971, மொத்தம் 51 மணித்தியாலம்! கூண்டுச் சண்டையோ ஐந்து நிமிடச் சுற்று மூன்று, பட்டத்துக்கென்றால் ஐந்து. ஆனால் அந்தக் கால் மணித்தியாலத்தில் மூச்சு எப்படிப் போகிறது என்று சண்டைக்காரரைத்தான் கேட்க வேண்டும்.

பெண்கள் பக்கம் வாருங்கள். காமன்வெல்த் மல்யுத்தத் தங்கத்தோடு இருந்த ரித்து போகாட், 2019இல் பீஜிங்கில் கூண்டுக்குள் இறங்கி முதல் சுற்றிலேயே வென்றார். உத்தரப் பிரதேசத்து பூஜா தோமர் ஐந்து முறை தேசிய வூஷூ சம்பியன். 2024 ஜூன் 8 அன்று அமெரிக்காவின் லூயிவில்லில் ஜெயித்து, யு.எஃப்.சி.யில் வென்ற முதல் இந்தியர் ஆனார். மூன்று நடுவரில் ஒருவர் எதிராளிக்குப் போட, இருவர் பூஜாவுக்குப் போட்டார்கள். இன்னும் ஒரு அட்டை மாறியிருந்தால்! தூரம் போவானேன், நம் மாவட்டத்துக்கு எல்லையான முல்லைத்தீவிலிருந்து கணேஷ் இந்துகாதேவி 2022 ஜனவரியில் லாகூர் போய்ச் சண்டை மேடையில் தங்கத்தோடு திரும்பினாரே! அன்றைக்கு நாங்கள் ஃபோனில் படத்தைப் பார்த்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விட்டோம். வெட்கமாகத்தான் இருக்கிறது.

வெல்லப் போய்ச் செத்தவன் கதை தெரியுமா? பண்டைய கிரேக்க ஒலிம்பிக்கில் கி.மு. 648லேயே இந்தக் கூண்டுச் சண்டையின் பாட்டன், 'பாங்க்ரேஷன்', இருந்தது. கடிக்கவும் கண்ணைத் தோண்டவும் மட்டும் கூடாது. கி.மு. 564இல் அரிகியோன் கழுத்து நெரிபட்டுக்கொண்டே எதிரியின் காலைத் திருகினான். வலி தாங்காமல் எதிரி தோல்வியை ஒப்புக்கொண்ட அதே கணத்தில் அரிகியோனின் உயிர் போய்விட்டது. மாலை யாருக்கு? பிணத்துக்குத்தான் போட்டார்கள்!

போன கிழமை மருமகன் இரவுத் தொழிலுக்குப் போய்விட்டு வந்தான். வலை கனத்து, எஞ்சினும் இடையில் நின்றுபோய், விடியும்வரை இழுப்பும் துடுப்புமாக இருந்திருக்கிறது. சம்மாட்டி தேத்தண்ணிக்குப் போன நேரம் பார்த்துத் தராசில் ஏறினான். 75.6. ஒரு போத்தல் தண்ணியை அண்ணாந்து ஊற்றிக்கொண்டு மறுபடி ஏறி நின்றான். எழுத்து ஆடியது.