வரிசை அறிதல்

எமது பாடசாலையிலே கட்டுரைப் போட்டியொன்று நிகழ்ந்தது. மாணவியர் இருவர் சமமான புள்ளி பெற்றனர். பரிசுக்கென்று இருந்ததோ ஒரே நூல். முந்தி எழுதி முடித்தவளுக்கே அதனைக் கொடுக்கலாமென்று முடிவு கூறியவன் யான். விழா முடிந்து ஒல்லாந்தர் குடாக் கரையோரமாக நடந்து வருகையில், மற்றையவள் என்னருகே வந்து, “ஐயா, பிந்திக் குடுத்தால் எழுதினது குறைஞ்சு போகுமோ?” என்று கேட்டாள். இலக்கணத்தில் எத்தனையோ ஐயங்களை அகற்றிய எனக்கு, அவ்வினாவுக்கு விடை கூற நா எழவில்லை.

அவ்விடையைத் தேடிய எனக்கு ஒரு வரலாறு நினைவுக்கு வந்தது. அது தொடங்குவதும் கடலிலேயே. கோணேசர் கோயில் கொண்ட பாறையின் விளிம்பில் நின்று நோக்குவார்க்குக் கடல் கருநீலமாய்த் தோன்றும். அந்நீரை அள்ளிப் பார்த்தாலோ கையில் நிறம் யாதுமில்லை. கடலின் நீலம் வானத்தின் நிழலே என்று இரேலிப் பிரபு போன்ற பேரறிஞரும் கருதினர். திருச்சிராப்பள்ளியிற் பிறந்த சந்திரசேகர வேங்கட இராமன் அதனை அப்படியே ஏற்றுக்கொள்ளவில்லை. 1921ஆம் ஆண்டு இங்கிலாந்து சென்று ‘நார்குண்டா’ என்னும் கப்பலில் மீண்டபோது, நிக்கோல் அரியம் என்னும் சிறு கருவியைக் கண்முன் பிடித்து, நீர்ப்பரப்பில் தெறித்து வரும் வானொளியை விலக்கிவிட்டுக் கடலை நோக்கினார். நீலம் மறையவில்லை, முன்னினும் தெளிவாயிற்று. நீரின் மூலக்கூறுகள் ஒளியைச் சிதறச் செய்வதே அந்நிறத்துக்குக் காரணம் என்று அவர் துணிந்தார்.

அத்துணிபு ஏழாண்டு ஆராய்ச்சியாக வளர்ந்தது. பொருளொன்றினுள்ளே புகுந்து சிதறும் ஒளியிற் பெரும்பகுதி, சென்ற நிறத்தோடே வெளிவரும். மிகச் சிறு பகுதி மாத்திரம் மூலக்கூறுகளுக்குத் தன் ஆற்றலிற் சிறிது கொடுத்தோ, அவற்றிடமிருந்து சிறிது பெற்றோ, நிறம் மாறி வரும். அம்மாற்றம் பொருளுக்குப் பொருள் வேறாதலின், ஒளியைக் கொண்டே பொருளின் உள்ளமைப்பை அறியலாம். 1928ஆம் ஆண்டு பெப்ருவரி 28ஆந் திகதி கல்கத்தாவிலே இராமன் இதனைத் தெளியக் கண்டார். உடனிருந்து உழைத்தவர் தென்பாண்டி நாட்டு வத்திராயிருப்பிற் பிறந்த கே. எஸ். கிருஷ்ணன்.

அதே பெப்ருவரியில் மொஸ்கோப் பல்கலைக்கழகத்திலே லாண்ட்ஸ்பெர்க், மண்டெல்ஷ்டாம் என்னும் அறிஞர் இருவர் இதே ஒளியைக் கண்டிருந்தனர். கல்கத்தாவில் ஆராயப்பட்டவை திரவங்கள். மொஸ்கோவில் குவாட்ஸ் என்னும் படிகக்கல். இரு சாராரும் ஒருவரையொருவர் அறியார். 21ஆந் திகதியே, அஃதாவது இராமனுக்கு ஒரு கிழமை முன்னரே, தாம் அதனைக் கண்டதாக மொஸ்கோ அறிஞர் கூறுவர். ஆயினும் இராமன் மார்ச்சு மாதத்திலேயே பெங்களூரில் விரிவுரையாற்றி, அதனை அச்சிட்டு உலகெங்கும் பரப்பினார். மொஸ்கோ அறிஞரின் கட்டுரை மே மாதத்தில் எழுதப்பட்டு யூலையில் வெளிவந்தது.

1930ஆம் ஆண்டின் பௌதிகத்துக்குரிய நோபல் பரிசு இராமன் ஒருவருக்கே வழங்கப்பட்டது. விஞ்ஞானத்தில் அப்பரிசு பெற்ற முதல் ஆசியர் அவரே. நாம் பெருமை கொள்ளுதல் முறையே. கண்டதை மறைவின்றி விரைந்து வெளியிடுவதும் விஞ்ஞானியின் கடமையாதலின், அதனை நிறைவேற்றியவர் பரிசு பெற்றமை பிழையன்று. எனினும் அப்பரிசுப் பட்டியலிலே கிருஷ்ணன் பெயரில்லை. மொஸ்கோ அறிஞர் பெயருமில்லை. இன்றும் இரசிய நூல்கள் இந்நிகழ்ச்சியை ‘இராமன் விளைவு’ என்னாது வேறு பெயரால் வழங்குகின்றன.

நம் முன்னோர் இச்சிக்கலை அறியாதவரல்லர். பொருளை வாரி வழங்குதல் எவர்க்கும் இயலும், வந்தவர் தகுதியை அளந்து காண்பதே அருமை என்று மலையமான் திருமுடிக்காரிக்குக் கபிலர் எடுத்துரைத்தார். அதியமான் தன்னைக் காணாமலே அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் கொள்ள மறுத்தார். இவ்விரு செய்திகளையும் புறநானூற்றிற் காணலாம். தகுதியறிந்து சிறப்பிக்கும் இதனையே பழந்தமிழர் ‘வரிசை’ என்றனர்.

அவ்வரிசை இரசியர்க்கு வந்தவாறும் வாராதவாறும் நோக்குவாம். உலகு போற்றிய தோல்ஸ்தோய்க்கு நோபல் பரிசு கிட்டவில்லை. மூலகங்களை அட்டவணைப்படுத்திய மெண்டலீவுக்கும் கிட்டவில்லை. இலக்கியத்துக்கு அப்பரிசை முதன்முதற் பெற்ற இரசியர் இவான் பூனின். அவர் 1911இல் நம் இலங்கைக்கு வந்தவர். கொழும்பிலே இறிக்‌ஷா இழுக்கும் இளைஞனொருவனைப் பற்றிச் ‘சகோதரர்’ என்னும் கதை எழுதியவர். 1933இல் பரிசு வந்தபோது தாய்நாட்டை விட்டுப் பிரான்சிலே வாழ்ந்தார்.

1958ஆம் ஆண்டோ இன்னும் வியப்புடையது. வேகமான துகள்கள் நீர் முதலியவற்றுள் ஊடுருவுகையிற் பிறக்கும் நீலவொளியை ஆராய்ந்த செரன்கோவ், தாம், பிராங் என்னும் மூவர்க்குப் பௌதிகப் பரிசு வந்தது. அவருள் தாம் என்பவர் மண்டெல்ஷ்டாமை ஆசானாகப் போற்றியவர். ஆசிரியர்க்கு வாராத வரிசை மாணாக்கர்க்கு வந்தது. அதனைக் காண ஆசிரியர் இருந்திலர், 1944இலேயே மறைந்துவிட்டார். அதே ஆண்டு இலக்கியப் பரிசு பாஸ்தர்நாக்குக்கு அறிவிக்கப்பட்டது. விஞ்ஞானிகளின் பரிசைக் கொண்டாடிய அரசு, கவிஞரை நெருக்கி அவர் பரிசை மறுக்கச் செய்தது. பெருஞ்சித்திரனார் தாமே மறுத்தார்; பாஸ்தர்நாக் மறுப்பிக்கப்பட்டார். முன்னது மானம், பின்னது கொடுமை. அவர் இறந்து இருபத்தொன்பது ஆண்டின் பின், 1989இல், மகனார் அப்பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார்.

பிறிதொரு செய்தியும் கூறற்பாலது. 1957ஆம் ஆண்டு சோவியத்து நாடு லெனின் சமாதானப் பரிசை இராமனுக்கு வழங்கிற்று. தன் அறிஞர் பெறாத பரிசைப் பெற்றவர் என்று அந்நாடு அவரை ஒதுக்கவில்லை. அப்பரிசில் அரசியல் நோக்கம் இருந்திருக்கலாம். ஆயினும் அவர் தகுதியை அது மறைத்திலது.

இவற்றையெல்லாம் எண்ணிய பின்னரே அம்மாணவியின் வினாவுக்கு விடை கண்டேன். பிந்தியமையாற் பரிசு போகலாம், எழுதியது குறைந்துவிடாது. மண்டெல்ஷ்டாமும் லாண்ட்ஸ்பெர்க்கும் கண்ட ஒளி, பரிசு வாராமையால் மங்கிற்றில்லை. ஆனால் இது பெற்றவளுக்கும் பெறாதவளுக்கும் கூறும் விடை. கொடுத்தவனுக்குக் கூறும் விடை வேறு. இருவர் தகுதியையும் அறிந்த பின்னர், நூல் ஒன்றே இருந்தது என்று சொல்லித் தப்புதல் ஆசிரியனுக்கு அழகன்று. சுவீடனிலுள்ள சபைக்கு விதிகள் பல உள. என் வகுப்புக்கு விதி வகுத்தவன் யானேயன்றோ?

அடுத்த கிழமை, அதே நூலில் இன்னொரு பிரதி வாங்கி வகுப்பிலே அவளுக்குக் கொடுத்தேன். பாடசாலைப் பரிசுப் பதிவேட்டை வருவித்து, முதலிடத்துக்கு நேரே இரண்டாவது பெயரையும் எழுதுவித்தேன். அவள் நூலை உடனே விரித்துப் பார்க்கவில்லை. பதிவேட்டிலே தன் பெயர் இருந்த வரியையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.