முதல் ரோடு சைக்கிள்
வளைந்த ஹேண்டிலும் மெல்லிய டயரும் கொண்ட ரோடு சைக்கிள் வாங்க ஆசை, கையில் பணம் குறைவு என்றால், பழைய சைக்கிளைத் தயங்காமல் பாருங்கள். கியரை மாற்றலாம், சீட்டை மாற்றலாம். ஃபிரேம் உங்கள் உயரத்துக்குப் பொருந்தவில்லை என்றால் எவ்வளவு மலிவாகக் கிடைத்தாலும் விட்டுவிடுங்கள். முதுகும் முழங்காலும் வலித்தே தீரும்.

அடுத்தது செயின். அதற்கு ஒரு ஸ்கேல் போதும். ஒரு பின்னின் நடுவில் சுழியை வைத்து அளந்தால், அதற்கடுத்த 24ஆவது பின் சரியாக 12 அங்குலத்தில் நிற்க வேண்டும். அரைக்கால் அங்குலம் தள்ளி நின்றால் செயின் நன்றாகத் தேய்ந்துவிட்டது, பின்சக்கரத்தின் பல்சக்கரங்களும் அநேகமாகத் தேய்ந்திருக்கும். அந்தச் செலவைச் சொல்லியே விலையைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பழைய கார்பன் ஃபிரேம் மட்டும் முதல் முறை வாங்குபவருக்கு வேண்டாம். உள்ளே இருக்கும் விரிசல் வெளியே தெரியாமல் போகலாம். ஸ்டீல் அல்லது அலுமினியமே நல்லது.

ஹெல்மெட்டுக்கும் புது டயருக்கும் கொஞ்சம் பணம் எடுத்து வையுங்கள். இன்னொன்று: ரோடு சைக்கிள் டியூபில் பெரும்பாலும் மெல்லிய பிரெஸ்டா வால்வு இருக்கும். தெருமுனைப் பஞ்சர் கடைப் பம்பு அதற்கு நேராகப் பொருந்தாது. சிறிய அடாப்டர் ஒன்றையும் சேர்த்தே வாங்குங்கள், விலை சொற்பம்தான்.